தூணுக்குத் தைத்த சட்டை

வியாழக்கிழமை காலை

கோலாலம்பூர் விமான நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், கைப்பையைத் திறந்து புகைப்படங்கள் இருக்கின்றனவா என்று பார்த்ததுதான். இருந்தன. சென்னையில் விமானம் ஏறும் முன்பும் பார்த்திருந்தேன், அப்போதும் இருந்தன. ஒன்றுமில்லாத இடத்திலும் கவலைக்கு இடம் கண்டுபிடிப்பவள் என்று வீட்டில் எனக்கு நல்ல பெயர் உண்டு. இந்தப் பயணம் அதற்கு ஏற்றாற்போல் அமைந்துவிட்டது.

புதுச்சேரியில் பழைய வீடுகளைப் பழுதுபார்க்க வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அதே கிறுக்குப் பிடித்த சிலர் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் பழைய கடைவீடுகளை, முகத்தைக் கெடுக்காமல் புதுப்பித்தவர்களுக்கு ஒரு பித்தளைப் பலகை கொடுத்துப் பாராட்டுவதென்று அவர்கள் சங்கம் முடிவு செய்திருந்தது. நடுவர்கள் மூன்று பேர். இருவர் உள்ளூர். மூன்றாவது ஆள் வெளியூராக இருந்தால் மாமன், மச்சான் பார்க்காமல் மதிப்பெண் போடுவார் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

அனுப்பி வைத்த படங்களைப் பார்த்து இரண்டே இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்திருந்தோம். ஒன்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு காப்பிக் கடை. இன்னொன்று கிள்ளானில் ஒரு தையல் கடை. தையல் கடைக்குக் கண்ணை மூடிக்கொண்டு முதலிடம் போட்டவள் நான்தான். பழைய மரச் சன்னல்கள், மேலே காற்றுப் போகும் சிறு துளைகள், மங்கிய வெளிர் பச்சையில் சுண்ணாம்புச் சுவர். "எவ்வளவு அடக்கமான நிறம்" என்று மின்னஞ்சலில் எழுதி, மற்ற இருவரையும் என் பக்கம் இழுத்திருந்தேன். படத்தைப் பார்த்தே இவ்வளவு பேசிவிட்டோமே, நேரில் வேறு மாதிரி இருந்தால் என்ன செய்வது என்று விமானத்தில் தூக்கமே வரவில்லை.

விமான நிலையத்திலிருந்து செண்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பேருந்து பதினைந்து ரிங்கிட். அங்கிருந்து சாலையைக் கடந்தால் பிரிக்பீல்ட்ஸ். விடுதியில் பெட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு தோசையும், தே தாரிக் என்று இங்கே நுரைக்க ஆற்றித் தரும் தேநீரும் சாப்பிட்டேன். நடுவர்கள் சேர்ந்து பார்வையிடுவது மறுநாள்தான். ஆனால் அன்று மாலை முழுவதும் அறையில் உட்கார்ந்திருந்தால் என் கவலை என்னைத் தின்றுவிடும். கிள்ளானுக்குப் போய்த் தெருவோடு நடந்து, தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினேன்.

வியாழக்கிழமை மாலை

கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். கொம்யூட்டர் என்கிற புறநகர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகிறது. பெண்களுக்கான பெட்டியில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் போர்ட் கிள்ளானில் கிடங்கு ஒன்றுக்கு இரவு வேலைக்குப் போகிறவர். அவர் நகங்களில் ஊதா நிறச் சாயம் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்டுக்கு பெயிண்ட் அடிச்சோம்க்கா. இன்னும் போவல. உங்க வீட்ல அடிச்சாச்சா?"

"எங்க ஊர்ல பொங்கலுக்குத்தான் அடிப்போம்."

"இங்க தீபாவளிக்கு லா! புதுசு அடிக்காம யாரு வீட்டுக்குக் கூப்புடுவா? எங்க வரிசையில எல்லா வீடும் அடிச்சாச்சு. சுங்கை வேயில எங்க அம்மா வீடும் முடிஞ்சிடுச்சு."

ரயில் அப்போது செரி செத்தியா நிலையத்தில் நின்றது. பழைய ஆட்கள் இதைத்தான் சுங்கை வே என்கிறார்கள் என்று அவரே காட்டினார். எனக்கு அந்த நிலையத்தின் மேல் கவனம் போகவில்லை. தீபாவளிக்கு எட்டு நாள் இருந்தது. இந்த நாட்டுத் தமிழர் வீடெல்லாம் தீபாவளிக்குச் சாயம் மாற்றும் என்றால், என் தையல் கடை மட்டும் சும்மா இருக்குமா?

கிள்ளான் நிலையத்திலிருந்து தெங்கு கிளானா சாலை நடக்கும் தூரம்தான். மழை பெய்து ஓய்ந்திருந்தது. தெருவின் குறுக்கே சர விளக்குகள், இரண்டு பக்கமும் தற்காலிகக் கூடாரங்களில் புடவை, வளையல், முறுக்கு. ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு பாட்டு. கிளைச் சந்தில் திரும்பியதும் கடை தெரிந்தது. படத்தில் பார்த்த சன்னல்கள், படத்தில் பார்த்த துளைகள். சுவர் மட்டும் கிளிப்பச்சை. கண் கூசும் கிளிப்பச்சை. ஈரத் தெருவின் விளக்கெல்லாம் அதன் மேல் விழுந்து, முகப்பு முழுவதும் நேற்றுத்தான் கடையில் வாங்கியதுபோல் ஜொலித்தது.

பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். வேறென்ன! சுண்ணாம்பில் இந்தப் பச்சை எங்கே வரும்?

ஒரு வார்த்தை விளக்கம் சொல்லிவிடுகிறேன். பழைய சுண்ணாம்புச் சுவர் நம் உடம்பு மாதிரி, வேர்க்கும். அதன் மேல் சுண்ணாம்பு அடித்தால் ஈரம் வெளியே போய்விடும். பிளாஸ்டிக் பெயிண்ட் அடிப்பது, வேர்க்கும் ஆளுக்கு மழைக்கோட்டு மாட்டிவிடுவது போல. உள்ளேயே ஈரம் தங்கி, கொப்புளம் கிளம்பி, சில வருடங்களில் சுவர்ப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழும். முகத்தைக் கெடுக்காமல் புதுப்பிப்பது என்பதற்கு எங்கள் முதல் விதியே இதுதான்.

அங்கிருந்து அப்படியே திரும்பியிருக்க வேண்டும். கால் திரும்பவில்லை. முனைக் கூடாரத்தில் பன்னிரண்டு ரிங்கிட்டுக்கு ஒரு ரவிக்கைத் துணி வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளர் போலக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதையை இங்கே அஞ்சடி என்கிறார்கள். அதன் இரண்டு தூண்களையும் சுவரையும் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. "கை வைக்காதீங்க ஆன்டி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. ஈரம் காயவில்லை போலும் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

குரலுக்குச் சொந்தக்காரர் திலகா, கழுத்தில் அளவு நாடாவோடு நின்ற நாற்பது வயதுப் பெண். பின்னால் தையல் இயந்திரத்தில் அவர் கணவர் குணா, உதட்டில் குண்டூசிகளைக் கவ்வியபடி தைத்துக்கொண்டிருந்தார்.

"ஆர்டர் மூடியாச்சு ஆன்டி. தீபாவளி முடிஞ்சுதான் இனிமே."

"நான் சனிக்கிழமை ஊருக்குப் போயிடுவேன். புதுச்சேரி."

திலகா என்னையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார். "அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க. இல்லன்னு சொன்னா நல்லாவா இருக்கும்? கைய தூக்குங்க." அளவெடுக்கத் தொடங்கிவிட்டார். அந்த நல்ல மனசு என்னை இன்னும் வதைத்தது.

"புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்க போல" என்றேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"தீபாவளி வருது, அடிக்காம எப்படி ஆன்டி? அதுவும் நாளைக்கு நடுவருங்க வராங்க. பழைய கடைய அழகா வச்சிருக்கவங்களுக்கு ஒரு பலகை தராங்களாம். இந்தக் கடை எங்களுது இல்ல. மாடம் ஓங்குன்னு ஒரு சீனம்மாவோடது. கைப்பேசிக் கடைக்காரன் ஒருத்தன் கேட்டுக்கிட்டு இருக்கான், முன்பக்கத்த ஒடச்சிட்டு கண்ணாடி போடப்போறானாம். பலகை கெடச்சா உங்களுக்கே மறுபடி வாடகைக்கு எழுதித் தரேன்னு மாடம் சொல்லிட்டாங்க. கெடைக்கலன்னா சைனீஸ் நியூ இயருக்கு முன்னாடி காலி பண்ணணும்." நாடாவை என் தோளில் வைத்தபடியே ஒரு நிமிடம் நிறுத்தினார். "இந்த மேல் வீட்லதான் ஆன்டி நாங்க இருக்கோம். கடை போனா வீடும் போச்சு."

"நல்லதே நடக்கும்" என்றேன். என் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது.

"இவருகிட்ட எத்தனை வாட்டி சொன்னேன், நல்ல டப்பா பெயிண்ட் வாங்குங்கன்னு" என்று திலகா கணவரைப் பார்த்தார். குணா ஊசிகளுக்கு இடையே "ம்" என்றார். பின்கதவு திறந்திருந்தது. அதன் அருகே பெரிய பெயிண்ட் டப்பாக்கள் மூன்று, விளிம்பெல்லாம் பச்சை வழிந்து நின்றன. எனக்கு இருந்த கொஞ்ச சந்தேகமும் தீர்ந்தது.

கிளம்பும்போது குணா ஊசிகளை எடுத்துவிட்டு மனைவியிடம் முணுமுணுத்தார். "வர்றவங்க வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வராம இருக்கணும்." இது என்ன பேச்சு என்று நினைத்துக்கொண்டே ரயில் நிலையத்துக்கு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை

மற்ற இரண்டு நடுவர்களையும் பிரிக்பீல்ட்ஸ் காப்பிக் கடையில் சந்தித்தேன். புவான் நோர்லேலா, நம் வழக்கில் திருமதி நோர்லேலா, கட்டடக் கலைஞர், என் வயது, எதையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். திரு. சியா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், விதிமுறைத் தாளை மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

காப்பிக் கடை பார்க்க அழகுதான். சாம்பல் கலந்த வெள்ளைச் சுவர், பழைய விளக்கு, பழைய தரைக் கற்கள். எல்லாம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருந்தன. நான் சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்தி இழுத்தேன். சுண்ணாம்பாக இருந்தால் கையில் கொஞ்சமாவது பொடி ஒட்டும். கை துடைத்து விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. நோர்லேலா குனிந்து சுவரின் அடியைத் தட்டினார், அங்கே மூன்று கொப்புளங்கள்.

"பிளாஸ்டிக்" என்றார்.

"ஆனால் நிறம் எவ்வளவு பொருத்தம்" என்றார் சியா.

"சுவருக்கு நிறம் தெரியாது. மூச்சு விட முடிகிறதா என்பதுதான் அதற்குத் தெரியும். என் வாக்கு கிள்ளானுக்கு. அந்தப் படத்தில் இருக்கும் பச்சை பொய் சொல்லாது" என்று நோர்லேலா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் குனிந்து கொப்புளங்களை மறுபடி எண்ணத் தொடங்கினேன்.

தொழுகை நேரத்து நெரிசல் அடங்கியதும் சியாவின் காரில் கிளம்பினோம். கூட்டரசு நெடுஞ்சாலை முழுவதும் லாரிகள். ஒவ்வொரு லாரியைக் கடக்கும்போதும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஷா ஆலம் தாண்டும்போது பாதியைச் சொன்னேன். நேற்று அந்தப் பக்கம் போனதையும் ரவிக்கை தைக்கக் கொடுத்ததையும் சொன்னேன். நோர்லேலா திரும்பிப் பார்த்து, "கடை எப்படி இருக்கிறது?" என்றார்.

"தீபாவளிக்குத் தயாராகியிருக்கிறது" என்றேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல்

சந்தில் திரும்பியதும் மூவரும் நின்றுவிட்டோம். பகல் வெளிச்சத்தில் பச்சை இன்னும் கத்தியது. அது போதாதென்று அஞ்சடித் தூண்கள் இரண்டும் உடுப்புப் போட்டிருந்தன. ஆமாம், உடுப்பு. அரக்கு நிறத் துணியில் அளவெடுத்துத் தைத்து, ஆள் உயரத்துக்கு மாட்டி, பின்னால் வரிசையாகப் பொத்தான் கூடப் போட்டிருந்தது. வாசலை ஒட்டிய சுவருக்கும் அதே துணியில் ஒரு திரை. நேற்று இருந்த கயிறு இல்லை.

திலகா வெளியே ஓடி வந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. "நேத்து பிளவுஸ் ஆன்டி!" என்றவர், அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டார். நேற்று என்னென்ன பேசினோம் என்று நினைத்துப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

இதன் பிறகு பேச்சு மலாயும் ஆங்கிலமும் தமிழுமாக நடந்தது. சியா படத்தை எடுத்துச் சுவருக்கு நேரே பிடித்தார். "இது அந்தக் கடையே இல்லை. அனுப்பிய படத்துக்கும் இருக்கிற நிலைக்கும் வித்தியாசம் இருந்தால் தகுதி இல்லை என்று விதி இருக்கிறது. அந்தத் துணிக்குப் பின்னால் என்ன?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார் குணா. நெற்றியெல்லாம் வேர்வை.

"கழற்றுங்கள்."

"வேணாம் சார், ப்ளீஸ். இருக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "ஆன்டி, நீங்க சொல்லுங்க ஆன்டி."

துணிக்குப் பின்னால் கொப்புளம் இருக்கிறது, மறைக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். கையை நீட்டினால் எட்டும்படி திரைக்கு மேலே வெறுஞ்சுவர் இருந்தது. தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் சொல்லியாக வேண்டும். சொன்னால் இவர்கள் கீழே கடையையும் மேலே வீட்டையும் காலி செய்ய வேண்டும். கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. கிள்ளான் மழைக்கு முன்னறிவிப்பு கிடையாது போலிருக்கிறது. சாரல் அஞ்சடிக்குள் அடிக்க, நாங்கள் எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினோம். விதிமுறைத் தாள் நனையாமல் இருக்க அதை மார்போடு அணைத்தபடி சியா பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். திரை முடிகிற இடத்தைத் தாண்டி, சன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் முதுகைச் சாய்த்தார்.

"சார்!" என்று குணா கத்தினார். "ஐயோ, சார் சட்டை!"

சியா பதறி விலகித் திரும்பினார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கக் கிளிப்பச்சை. திலகா தலையில் கை வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் தலைப்பிலிருந்து கையை எடுத்துச் சுவரில் வைத்து அழுத்தி இழுத்தேன். உள்ளங்கை பச்சை. விரல் இடுக்கெல்லாம் பச்சைப் பொடி. அழுக்கான கையைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

"சுண்ணாம்பு!" என்று தமிழிலேயே கத்தினேன். நோர்லேலாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவரும் சுவரைத் தடவி, தன் கையைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார்.

குணாவுக்கு எங்கள் சிரிப்பு புரியவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொட்டினார். "இதுக்குத்தான் ஆன்டி மூடி வச்சேன். பின்னாடி நீங்க பாத்த டப்பா எல்லாம் பக்கத்துக் கடையில வாங்குன காலி டப்பா, சுண்ணாம்பு ஊற வைக்க. ஒவ்வொரு தீபாவளிக்கும் இதே கலர்தான் அடிப்போம். இந்த வாட்டி நடுவருங்க வராங்க, பளிச்சுன்னு இருக்கட்டும்னு கலர் பவுடர அள்ளிப் போட்டுட்டேன். அளவு தப்பிடுச்சு. தொட்டா ஒட்டுது. தைக்கிறவன் கடைக்கு வந்து சட்டை கெட்டுப்போச்சுன்னா நான் என்ன சொல்றது?"

"அப்போ இந்தப் படம்?" வெளிர் பச்சைப் படத்தைக் காட்டினேன்.

"அது போன தீபாவளிக்கு அடிச்சது ஆன்டி. வருசம் பூரா மழ அடிச்சு அப்படி ஆயிடுச்சு. அனுப்பும்போது எங்களுக்கே வெக்கமா இருந்துச்சு. அதான் நீங்கல்லாம் வர்றதுக்குள்ள நல்லா அடிச்சேன்."

எவ்வளவு அடக்கமான நிறம் என்று நான் எழுதியது, கிள்ளான் மழை ஒரு வருடம் கழுவிய கிளிப்பச்சை. நோர்லேலாவிடம் அதை மொழிபெயர்த்துச் சொல்லும்போது எனக்கு முகம் சுட்டது.

"நான்தான் டப்பா பெயிண்ட் அடிங்க, ஒட்டாதுன்னு சொன்னேன்" என்றார் திலகா, படியில் உட்கார்ந்தபடியே. "மாடம் ஓங்கும் அதையேதான் சொன்னாங்க. இவரு கேக்கல. சுவரு கெட்டுடும்னு ஒரே புடி."

சியா கடைக்குள் போய் ஆளுயரக் கண்ணாடியில் முதுகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விதிமுறைத் தாளைப் பிரித்து, மடித்து, மறுபடி பிரித்தார். திலகாவின் கண் அந்தத் தாளை விட்டு அகலவில்லை, என் கண்ணும்தான்.

"படத்தில் இருக்கும் சுவர்தான் இது. ஒரு வயது இளையது" என்றார் கடைசியில். "இந்தச் சட்டைக்காக என் மனைவிக்கு மட்டும் நீங்கள் எல்லோரும் பதில் சொல்லுங்கள்."

சனிக்கிழமை

முடிவை ஞாயிற்றுக்கிழமை சங்கம்தான் அறிவிக்க வேண்டும், அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது. இது எழுதப்பட்ட விதி, சியா எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்காத குறை. ரவிக்கை வாங்கக் காலையில் நான் மட்டும் மறுபடி கிள்ளானுக்குப் போனேன்.

கயிறு திரும்பவும் கட்டியிருந்தது. தூண்கள் சட்டையோடு நின்றன. திலகா ரவிக்கையைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். தையல்கூலி நாற்பத்தைந்து ரிங்கிட்டை வேண்டாம் என்றவர், நான் முறைத்ததும் வாங்கிக்கொண்டார். முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இந்த முகத்தை இப்படியே விட்டுவிட்டு எப்படிப் போவது?

வாசல் வரை வந்தவள் திரும்பினேன்.

"அடுத்த தீபாவளிக்குப் பவுடரைக் கொஞ்சம் கம்மியாப் போடச் சொல்லுங்க."

திலகா "சரி ஆன்டி" என்றார், சாதாரணமாக. பிறகு அப்படியே நின்றார். கழுத்திலிருந்த அளவு நாடாவின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, "அடுத்த தீபாவளிக்கா?" என்றார். நான் தலையசைக்கவில்லை, விதி விதிதான். ஆனால் அவர் அதற்குள் மேல் வீட்டுப் படிக்கட்டைப் பார்த்துக் கணவரைக் கூப்பிடத் தொடங்கியிருந்தார். குரல் உடைந்துபோய்ப் பெயர் பாதிதான் வந்தது.

புதுச்சேரி

எங்கள் தெருவில் ஒரு வீடு உண்டு. இளமஞ்சள் சுவர், பழைய மரக்கதவு, அருகில், பழைய வீடுகளுக்காக நானும் சேர்ந்து நடத்தும் எங்கள் ஊர்க் குழு கொடுத்த பாராட்டுப் பலகை. சுற்றுலா வருகிறவர்கள் அதன் முன்னால் வரிசையில் நின்று படம் எடுப்பார்கள். எவ்வளவு அடக்கமான நிறம் என்று எல்லோரும் சொல்வது வழக்கம்.

வந்த மறுநாள் காலை பால் வாங்கப் போகும்போது அதன் முன்னால் நின்றேன். தெருவில் யாரும் இல்லை. தொடாமல் போய்விடலாம் என்றும் தோன்றியது. உள்ளங்கையை வைத்து அழுத்தி இழுத்தேன்.

கை சுத்தமாக இருந்தது.